சூப்பு இருக்கு, வாங்க

— மறுபடி சொல்லு. அன்னைக்கு, அந்த முதல் ஞாயித்துக்கிழமை, இதே அடுப்படியில நான் என்ன கேட்டேன், நீ என்ன சொன்ன?

— "சர்ச்சுல இருந்து இத்தனை பேரை வாலு மாதிரி கூட்டிட்டு வந்திருக்கியே, அடுப்புல என்னடி இருக்கு?"ன்னு கேட்டீங்க. "சூப்பு இருக்கு அண்ணி"ன்னேன்.

— அப்புறம்?

— இதே மாதிரி "அப்புறம்?"னீங்க. "ரொட்டி இருக்கு"ன்னேன். மறுபடியும் "அப்புறம்?"னீங்க. "முட்டை அவிச்சிருக்கேன், அதோட சரி"ன்னேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டீங்க.

— பிடிக்காம? ஊருக்கே கல்யாணக் கேக் செஞ்சு கொடுக்கிறவ நான். என் தம்பி பொண்டாட்டி விருந்தாளிக்கு வெறும் சூப்பை ஊத்துறா. நல்லா இருக்கு போ!

— அதனால என்ன அண்ணி? யாரும் பசியோட திரும்பிப் போகல. வாராவாரம் வர்றாங்க.

— அவங்க வருவாங்க. நாளைக்கு வர்றது யாரு? புதுப் போதகரும் அவர் சம்சாரமும். அவங்களுக்கும் இந்தக் கேரட்டைத்தான் நறுக்கிட்டு இருக்கியா? கத்தியைக் கீழ வை. கோழி வாங்கி வச்சிருக்கேன். கேக் நான் கொண்டு வர்றேன்.

— கோழி உங்க ஃப்ரிட்ஜிலயே இருக்கட்டும்.

— ஏன், போதகர் கோழி சாப்பிட மாட்டாரா?

— நல்லா சாப்பிடுவார். அடுத்த வாரம் லாரி டிரைவருக்கும் அதே கோழியை நான் வைக்கணுமே! மருந்துக் கடையில நாளெல்லாம் நின்னுட்டு வர்ற எனக்கு இந்த ஒரு சட்டிதான் முடியும். ஆளைப் பார்த்து கோழி, ஆளைப் பார்த்து சூப்புன்னு ஆரம்பிச்சா, அது நம்ம வீட்டு மேஜை இல்ல, ஓட்டல்.

— அப்போ மத்தவங்களை நாளைக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லு. அந்த லாரிக்காரர், ஹாஸ்டல்ல இருக்கிற நர்ஸ் பொண்ணு, அப்புறம் அந்த... ஜெயில்ல இருந்து வந்தவர். அவர் பக்கத்துலயா போதகர் சம்சாரத்தை உக்கார வைப்ப?

— வைப்பேன். அந்தப் பக்கம்தான் நாற்காலி ஆடாது.

— கிண்டலா?

— நிஜமாத்தான். சங்கடமா இருந்தா போதகர் வேற நாள் வரட்டும். அவரைக் கூப்பிட எத்தனையோ வீடு இருக்கு. இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இது ஒண்ணுதான்.

— இது யார் வீடுன்னு ஞாபகம் இருக்கா? மாடியும் கீழும் என் பேர்ல இருக்கு. நான் நினைச்சா நாளையோட இந்தச் சத்திரத்தை மூடிடுவேன்.

— மூடுங்க. மேஜையை வாசல்ல போடுறேன். வாசலும் உங்களுதுன்னா ரோட்டுல போடுறேன். ரோடு உங்க பேர்ல இல்லையே? சூப்பு கொஞ்சம் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான்.

— வாய்! வாய்! என் தம்பி எப்படித்தான் உன்னோட... எங்க அவன்?

— பக்கத்து வீட்டுல நாற்காலி இரவல் வாங்கப் போயிருக்கார்.

— நல்லா இருக்கு போ. போதகருக்கு இரவல் நாற்காலி! பக்கத்துல அந்த லாரிக்காரர். மனுஷனுக்கு ஒரு முட்டை உரிக்கத் தெரியாது, ஓட்டோட பாதியைப் பிச்சு எறிவார். நர்ஸ் பொண்ணு உரிச்சுக் கொடுத்தா, "இன்னும் ஒண்ணு, டாக்டரம்மா"ன்னு ஒரு கெஞ்சல்.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எது?

— டாக்டரம்மான்னு கூப்பிடுறது. நீங்கதான் சாப்பாட்டு நேரத்துல கீழ வர்றதே இல்லையே.

— மாடிப்படியில காத்து நல்லா வரும். உக்காந்திருப்பேன். காதைப் பொத்திக்கிட்டா உக்கார முடியும்?

— படியில உக்காந்து தனியாவா சாப்பிடுறீங்க?

— கடையில மிஞ்சின கேக் இருக்கு. எனக்கென்ன கேடு?

— ஏன் அண்ணி, நாலு படி இறங்கினா மேஜை. இறங்கி வர வேண்டியதுதானே?

— வந்தேனே! அந்த முதல் வாரமே வந்து உக்காந்தேன். ரெண்டு வாய்தான் குடிச்சிருப்பேன். நீ என்னைப் பார்த்து, "அண்ணி, உப்பு போதுமா?"ன்ன. கரண்டியை வச்சுட்டு எழுந்து போயிட்டேன்.

— சூப்பு பிடிக்காமத்தான் போறீங்கன்னு நினைச்சேன். உப்பு போதுமான்னு கேட்டது ஒரு தப்பா?

— உன் வீட்டுக்காரன் சொல்லலையா? எங்க அம்மா காலத்துல இருந்து இந்த வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான். விருந்தாளி இருக்கும்போது அம்மா "உப்பு போதுமா?"ன்னா, சட்டி காலி, வீட்டு ஆளுங்க கையை நிறுத்துங்கன்னு அர்த்தம். நானும் தம்பியும் பொய் ஏப்பம் விட்டுட்டு எழுந்திருவோம்.

— ஐயோ அண்ணி! நான் உப்பைப் பத்தித்தான் கேட்டேன்! சட்டியில பாதி அப்படியே இருந்துச்சு. கடவுளே, அதான் இவரும் வாராவாரம் பாதியில எழுந்து போறாரா? நான் எல்லாரையும்தான் உப்பு போதுமான்னு கேப்பேன். பாவம், பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கார் மனுஷன்!

— சிரிக்காதடி.

— சிரிக்கல. சரி, தப்பு என்னுதுதான். ஆனா அதுக்கப்புறம் இத்தனை நாளா ஏன் வரல? கதவு தொறந்துதானே இருக்கு? நீங்க வீட்டு ஆளு. உங்களுக்குன்னு தனியா சொல்லணுமா?

— வீட்டு ஆளு, வீட்டு ஆளு! உப்புன்னு சொன்னா கையை நிறுத்துறது வீட்டு ஆளு. எல்லாரும் போனப்புறம் மிச்சத்தை வழிச்சுத் தின்னுறது வீட்டு ஆளு. என் புருஷன் போய்ச் சேர்ந்த அன்னைக்கு, வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டுக்கிட்டு நின்னதும் இந்த வீட்டு ஆளுதான். ஜெயில்ல இருந்து வந்தவரை நீ சர்ச் வாசல்ல மறிச்சு, வழியை விடாம நின்னு கூப்பிட்ட. வரமாட்டேன்னார். மறுபடி கூப்பிட்ட. கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தார் மனுஷன். உனக்குப் பின்னாடிதான் நான் நின்னேன்.

— அண்ணி...

— குறுக்க பேசாத, இப்ப விட்டா எனக்குச் சொல்ல வராது. கோழி வேண்டாம்னா வேண்டாம். கேக்கும் வேண்டாம். வீடு யார் பேர்ல இருந்தா என்ன, அதையும் விடு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும், அதே வாசல்ல, எல்லார் முன்னாடியும், நான் யாரோ எவளோங்கிற மாதிரி என்னையும் மறிச்சு நின்னு ஒரே ஒரு தடவ கூப்பிடுடி, "எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க"ன்னு.