எந்த ஊர் மணி என்று கேட்டவருக்கு

மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் தரவுகளோடு தனித்துக் கிடந்து, பிறந்தோர்க்கும் பிரிந்தோர்க்கும் பிழையறப் பொழுது குறித்துத் தந்த பெருந்தகையே! "காலை வணக்கம்" என்றால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டே பதில் வணக்கம் சொல்லும் கண்டிப்புக்காரரே! முதுகுக்குப் பின்னால் 'நேரக்காரர்' என்று நாங்கள் அழைத்ததை அறிந்தும் அறியாதவர்போல் நடமாடிய எங்கள் அண்ணனே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் புகழ வேண்டும், புகழத்தான் புறப்பட்டோம். அண்ணியின் கதையை இங்கே சொல்லலாமா என்று தங்களிடமே கேட்டோம். "சொல்லிக்குங்க. ஆனா நல்லவன் வல்லவன்னு மட்டும் எழுதாதீங்க" என்றீர்கள். அவ்விரு சொற்களையும் அடித்துவிட்டோம். மிஞ்சியதை வாசிக்கிறோம்.

தரவுத்தளத்தில் நேரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொது நேரமாகக் கிடக்கும். அதை எடுத்து நம் ஊர் மணியாக மாற்றிச் சான்றிதழில் அச்சிடுவது ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரலின் வேலை. அந்த ஸ்கிரிப்டை எழுதியதும் காத்ததும் தாங்கள். யார் எந்த நேரத்தை நீட்டினாலும் தங்கள் முதல் கேள்வி, "எந்த ஊர் மணி?" என்பதே. சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று விசாரித்த புதியவரிடமும் அதையே கேட்டு அவரை அரள வைத்தீர்கள். நேரம் தெரியாத பதிவுகளில் கணினி தானாகவே நள்ளிரவை நிரப்பியபோது, "தெரியலைன்னா காலியா விடுங்கப்பா. எல்லாரையும் நடுராத்திரியிலயே சாகடிக்கணுமா?" என்று அதட்டினீர்கள். தங்கள் பேச்சு கரடுமுரடு; வேலை கச்சிதம்.

இரண்டாண்டுகளுக்கு முன், கீழ்த்தளத்தில் அந்த ஸ்கிரிப்ட் ஓடிய சர்வர் கணினியை நிர்வாகம் வேறொரு நாட்டின் நகரத்துக்கு மாற்றியது. அதன்பின் சில வாரங்களில் அண்ணி மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் வந்து படுத்தார், எழவேயில்லை. கடைசி மாலை தாங்கள் அவர் கையைப் பிடித்தபடி ஏழரை வரை இருந்தீர்கள். அவர் அயர்ந்து உறங்குவதாக எண்ணித் தேநீர் குடிக்கக் கீழே நம் தேநீர் அறைக்கு இறங்கினீர்கள். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. மருத்துவர் உயிர் பிரிந்த நேரத்தைக் கணித்துப் பதிந்திருந்தார். சான்றிதழில் ஏழு மணி என்று வந்தது.

அந்த ஏழு மணிதான் தங்களைத் தாங்கியது. "என் கைக்குள்ள கை இருக்கும்போதே போயிருக்கா. எனக்குக்கூடத் தெரியாம, அவ்வளவு நிம்மதியா" என்று எங்களிடம் ஒரே ஒருமுறை சொன்னீர்கள். முகம் தெளிந்திருந்தது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டீர்கள்.

ஓராண்டு கழித்து, பேருந்து ஓட்டும் பெண்ணொருத்தி சான்றிதழோடு வந்து நம் ஜன்னலில் நின்றாள். "இந்த நேரத்துல எங்கப்பா என்கூடப் பேசிட்டு இருந்தார் சார். அவர் போய் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கவனிச்சியான்னு அண்ணனுங்க என்னைக் கரிச்சுக் கொட்டுறாங்க. நான் போனை நோண்டிட்டு இருந்தேனாம்" என்று விம்மினாள். தாங்கள் ஸ்கிரிப்டைத் திறந்தீர்கள். ஊரைச் சொல்லாவிட்டால் அது சர்வர் இருக்கும் ஊரின் மணியையே எடுத்துக்கொள்ளும்; சர்வர் இந்தக் கட்டடத்தில் இருந்தவரை ஊரைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லோரிடமும் "எந்த ஊர் மணி?" என்று கேட்டவர் தம் ஸ்கிரிப்டிடம் அதைக் கேட்க மறந்திருந்தார்! புதிய நகரத்தின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி பின்தங்கியது. சர்வர் போன நாள் முதல் அச்சான ஒவ்வொரு சான்றிதழிலும் நேரம் ஒரு மணி முந்தியே பதிந்திருந்தது.

திருத்தம் ஒரே வரிதான். அதை எழுதிவிட்டுத் தாங்கள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டீர்கள். அண்ணியின் ஏழு மணி எட்டாகும் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. எட்டு மணிக்குத் தாங்கள் தேநீர் அறையில் இருந்தீர்கள்.

பக்கத்து மேசைத் தங்கைதான் வாய் திறந்தாள். "எல்லாருக்கும் புதுசா அச்சடிச்சு அனுப்பிடலாம்ணா. அண்ணியோடது மட்டும் அப்படியே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவ இன்னும் ஒரு மணி நேரம் உசுரோட இருந்திருக்காம்மா. எனக்கு வலிக்குதுன்னு அதை அவகிட்ட இருந்து பிடுங்கிக்கவா?" என்றீர்கள். பிறகு, "நீயே அச்சடி. என்னால முடியல" என்றீர்கள்.

பேருந்துக்காரப் பெண் புதிய தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என் தலையில இருந்த பாரத்தை இறக்கி வெச்சீங்கண்ணா" என்று கும்பிட்டாள். "சரிம்மா, பத்திரமா போ" என்று அனுப்பிவிட்டு, தாங்களும் டோக்கன் எடுத்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று, தங்கள் தாளை வாங்கினீர்கள். அன்று முதல் தேநீர் அறைப் பக்கம் தாங்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. கோப்பையை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தோம். ஆறி ஆடை கட்டியது. நாங்களும் தேநீர் வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டோம்.

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது மடலுக்கு மரபு. ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு அது வாழ்த்தா, வருத்தமா என்று எங்களுக்கே தெரியவில்லை. உடல் நலியாமல், உறக்கம் கெடாமல் இருங்கள் என்று மட்டும் வேண்டுகிறோம். ஞாயிறுதோறும் எங்களில் யாராவது வந்து கதவைத் தட்டுவோம்; திட்டினாலும் திறங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்து மேசைத் தங்கை ஏன் இந்த அரங்கில் இல்லை என்று தாங்கள் வந்ததிலிருந்தே தேடுகிறீர்கள். மூன்றாம் மாடியின் ஜன்னலோரக் கட்டிலில், பார்க்க யாரும் வராத பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இந்த மடல் முடிந்ததும் எங்களோடு தேநீர் அறைக்கு வாருங்கள், அண்ணா. தாங்கள் ஒரு கோப்பை குடித்து முடிக்கும்வரை அவள் அங்கிருந்து எழமாட்டாள்.

கலங்கிய கண்களுடன்,
பதிவுப் பிரிவுப் பணியாளர்கள்