மிச்சப் பரோட்டா

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பரோட்டாக் கடை வரிசை. எனக்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் இருவர் நின்றார்கள்.

“ஹாஸ்டல் டிரையர் சரியில்லடா. என் பேண்ட் எல்லாம் சுருங்கிப் போச்சு.”

சொன்னவன் முதுகில் பெரிய பை தொங்கியது. கூட வந்த ஒல்லிப் பையன், அவன் இடுப்பில் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்த பெல்ட்டைக் குனிந்து பார்த்தான்.

“பெல்ட்டையுமா டிரையர்ல போட்டே?”

“சரி லா, ஒத்துக்கறேன். ரெண்டு வருஷம் கட்டாய ஆர்மி முடிச்சப்ப எப்படி இருந்தேன்! யூனிவர்சிட்டி வந்து ஒரு செமஸ்டர்தான் ஆச்சு. அடுத்த மாசம் ஆர்மில வருஷா வருஷம் வைக்கற ஃபிட்னஸ் டெஸ்ட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. இப்படியே போனா ஃபெயில்தான்.”

“அப்ப ராத்திரி சப்பரை நிறுத்து.”

“நான் எங்கடா சாப்பிடறேன்? என் ஃப்ளோர்ல எல்லாரும் டயட். ஆளுக்கொரு பரோட்டா வாங்குவாங்க, பாதியிலேயே போதும்னு வெச்சிடுவாங்க. சாப்பாட்டைக் குப்பையில போட்டா எங்கம்மா கொன்னுடுவாங்க.”

“அதனால?”

“நான் எதையும் ஆர்டர் பண்றதே இல்ல. மிச்சத்தை மட்டும் பாத்துக்கறேன். அதெல்லாம் கணக்குல வராது லா.”

அவர்கள் முறை வந்தது.

“என்ன வேணும் தம்பி?” என்றார் கடைக்காரர்.

“எனக்கு ஒரு தே ஓ கொசோங், அண்ணே,” என்றான் பையைச் சுமந்தவன்.

பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் தேநீர். ஒல்லிப் பையன் மெச்சி அவன் தோளில் தட்டினான். பையைச் சுமந்தவன் இன்னும் முடிக்கவில்லை.

“அப்புறம் முட்டை பரோட்டா ரெண்டு. ரெண்டும் இவனுக்கு.”

“டேய், எனக்குப் பசிக்கவே இல்லடா!”

“தெரியும் லா.”