வெறுங்கையோடு வாருங்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகசாலைத் தலைவர் சதாசிவன் அவர்களே, வெயிலைத் தோளில் வாங்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தனுவச்சபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் மாணவக் கண்மணிகளே, வணக்கம்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவோமா நாம்? போகமாட்டோம்! அது நம் மானம். அந்த மானம் ஒரு மனிதரின் உயிரோடு விளையாடியது.

பாறசாலைச் சந்தையில் சுமை இறக்கிய சுந்தரனை அறிவீர்கள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் இருமுறை திருவனந்தபுரத்தில் டயாலிசிஸ். பழம் கூடாது, இளநீர் கூடாது என்றார் டாக்டர். நாம் என்ன செய்தோம்? அச்சப்பம் கொண்டுபோனோம், முறுக்கு கொண்டுபோனோம், நெய்யப்பம் கொண்டுபோனோம்!

"எலே சுந்தரா, தின்னுலே. ரத்தத்தக் கழுவுனா பின்ன கொழுப்பும் போயிருமாக்கும்" என்றார் பக்கத்து வீட்டு வேதமாணிக்கம்.

சிரிக்காதீர்கள். அதற்குத் தலையாட்டியவன் நான். என் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

போன ஓணம் கழிந்த வாரம். டயாலிசிஸ் முடிந்து, மனைவி ஓமனக்குட்டியோடு பஸ்ஸில் திரும்புகிறார். அமரவிளை செக்போஸ்டில் வண்டி நிற்க, சுந்தரன் மார்பைப் பிடிக்கிறார்.

"வாயு ஆக்கும், ஓமனே. வீட்டுக்குப் போனா சரியாயிரும்."

"வாயுவுக்கு இப்பிடி வேர்க்குமா? இடது கையும் கடுக்குதுன்னுதானே சொன்னிய? எந்திரிங்க! சேட்டா, வண்டிய எடுக்காதீங்க, எறங்கணும்!"

ஒரு ஜீப்பை மறித்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார் அந்தப் பெண். வாயு அல்ல, மாரடைப்பு! வாயு என்று அவரும் நம்பியிருந்தால்? இன்று இது இரங்கல் கூட்டம்!

இதய டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். டயாலிசிஸ் இயந்திரம் கழிவை எடுக்கும், உப்பை எடுக்கும், மிஞ்சிய நீரை எடுக்கும். கொழுப்பை எடுக்காது. சிறுநீரகம் கெட்டாலே ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பலரைக் கொண்டுபோவது சிறுநீரகம் அல்ல, இதயம். அதன்மேல் நாம் எண்ணெய்ப் பலகாரமும் ஏற்றினோம், அன்பினால்!

என்ன அம்மா? பின்னே எதைக் கொண்டுபோவது என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். இதோ முன்வரிசையில் மெலிந்து அமர்ந்திருக்கும் சுந்தரன் சொன்னார்:

"வெறுங்கைய வீசிட்டு வாங்க மக்கா. ஒரு மணிக்கூர் இருந்து கதை சொல்லுங்க. பொட்டலத்தக் கண்டா ஓமனா கதவ தொறக்க மாட்டா, பாத்துக்கிடுங்க!"

டயாலிசிஸுக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் உண்டா? கொழுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மார்பு வலித்தால் வாயு என்று காத்திருக்காதீர்கள். கூட இருங்கள், அது போதும்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. பொட்டலம் பிடித்த இந்தக் கைகளை இன்று வெறுமையாகவே கொண்டு வந்திருக்கிறேன், சுந்தரா. அவற்றைக் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.