ஸ்பார்க் ப்ளக்குக்கு வச்ச பொட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"உங்கம்மா வச்ச பொட்டாலதான் மச்சான் கார் திக்குச்சு."

"பொட்டு வச்சா கார் எப்படி மாமா திக்கும்?"

"ஆயுத பூஜைக்கு இஞ்சின்லேர்ந்து நாலு ப்ளக்கையும் கழட்டி, ஸ்பானரோட சாமிகிட்ட வச்சேன். ஈரச் சந்தனத்தை எல்லாத்துலயும் அப்பிட்டாங்க. மூணை யாருக்கும் தெரியாம துடைச்சு மாட்டிட்டேன். நாலாவதை எடுக்கும்போது வந்து நின்னுட்டாங்க. அதை அப்படியே மாட்டினேன். பழைய வண்டி, மூணு ப்ளக்ல இழுக்குமா? கீரப்பாளையம் வரைக்கும் உதறிக்கிட்டே போச்சு."

"மெக்கானிக்கிட்ட காட்டலையா?"

"காட்டினேன். சந்தனத்தைச் சுரண்டினாரு. வண்டி ஜோரா ஓடுச்சு."

"அப்புறம் ஏன் பஸ்ல போறோம்?"

"சாமிக்கு வச்சதை அழிச்சுட்டு ஓட்டினா ஆவாதுன்னு உங்கம்மா திரும்பக் கழட்டச் சொல்லி நாலுக்கும் வச்சுட்டாங்க. இப்ப ஸ்டார்ட்டே ஆவல."

"நீங்க ஏன் மாமா கழட்டிக் குடுத்தீங்க?"

"முன்னாடி சீட்லதான் உக்காந்திருக்காங்க. நீ போய் பொட்டு வேணாம்னு சொல்லிட்டு வா."

தம்பி எழுந்து முன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.