லீவுக்கு ஒரே காரணம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே படிவம் நிரப்பப் பிடிக்காது, சேர். ஒரு தாளில் எழுதிய பெயரை அடுத்த தாளிலும் ஏன் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டு அடி வாங்கியவன் நான். லிந்துலைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கம்பியூட்டர் வேலை கிடைத்தபோது, இங்கே எல்லாவற்றையும் எளிமையாக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கொழும்பிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் இருநூற்றுப் பதினான்கு மரணங்களும் அந்த நல்லெண்ணத்தில் நடந்தவை.

போன வருடம், இரண்டாயிரத்து ஆறில், கம்பனி ஒரு சிடி அனுப்பியது. பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் இணையச் செயலிகளை ஒரு வரிகூட எழுதாமல் செய்துவிடலாம் என்று அதன் உறையில் போட்டிருந்தது. உண்மைதான். ஒரு பெட்டியை இழுத்துத் திரையில் போட்டால் பெயர்ப் பட்டியல் வரும். இன்னொன்றை இழுத்துப் போட்டால் பொத்தான் வரும். இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்தால் வேலை முடிந்தது. முன்பெல்லாம் இதற்குப் பத்துப் பேர் ஒரு வருடம் மண்டையை உடைப்பார்களாம்.

முதலில் லீவுப் படிவத்தை எடுத்தேன். பழைய தாளில் லீவுக்குப் பதினேழு காரணங்கள் இருந்தன. முதலாவது, குடும்பத்தில் மரணம். சரியாக வருகிறதா என்று பார்க்க அதை மட்டும் பட்டியலில் போட்டேன். அன்றைக்குப் பார்த்து கம்பனி டிரெக்டர் வந்துவிட்டார். நான் ஒரு தட்டுத் தட்டினேன், லீவு கிடைத்தது. அவர் என் தோளில் தட்டி, இவ்வளவு எளிமையாக உலகத்தில் எதுவுமே இல்லை என்றார். ஒரே பொத்தானில் லீவு என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் வந்தது. அதற்குப் பிறகு மீதிப் பதினாறையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு மூன்று கோடு இழுத்திருந்தேன். தோட்டத்தில் யார் செத்தாலும் சவப்பெட்டி கொடுப்பது தோட்டம்தான். ஆகவே மரணம் பதிவானதும் தச்சுவேலை மூக்கன் பாசுக்குப் பெட்டி ஓடர் போகும். செத்தவரின் பெயர், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்து நீங்கும். வெளியிலிருந்து யாராவது அவரைப் பற்றி விசாரித்தால் பதில் கடிதம் தானாகப் போகும். மூன்றும் இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

சனங்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். பல்லுவலிக்கு மாமியாரைச் சாகடித்தார்கள். திருவிழாவுக்கு அண்ணன் தம்பிகளைச் சாகடித்தார்கள். ஒருவரை இரண்டு முறை சாகடிக்க முடியாது என்பதால், வேறு ஆள் முந்திவிடுவானோ என்று விடியற்காலையிலேயே ஒபிஸ் வாசலில் வரிசை நின்றது. பெரட்டில் வேலை பிரிக்கும் கண்டாக்கையா பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "செத்தவங்கள்லாம் இந்தப் பக்கம் வாங்க, உசிரோட இருக்கிறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்று பிரித்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் கொழுந்து எடுத்தார்கள். பெட்டிகளும் வீண் போகவில்லை. லயத்து வீடுகளில் அரிசி போட்டுவைத்தார்கள், கோழி அடைத்தார்கள். இத்தனை சாவைக் கண்டு முகமூடி போட்டுக்கொண்டு கொள்ளைநோய் பார்க்க வந்த சுகாதாரக்காரர்களுக்குச் செத்தவர்கள்தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள்.

இனிப் பூரணியின் விசயத்துக்கு வருகிறேன். பூரணி தோட்டத்தின் மேல்பக்கம், மேல்கணக்கில் கொழுந்து எடுப்பவர். மகள் ஜெயந்தினிக்கு ஆசிரியர் கல்லூரியில் நேர்முகப் பரீட்சை வந்திருந்தது. தாயோ தகப்பனோ கூடப் போக வேண்டும். தகப்பன் அழகுமுத்துவை அவருடைய தம்பி அதற்கு முந்திய மாதமே சாகடித்திருந்தார், செத்தவர் லீவு கேட்க முடியாது. ஆகவே பூரணி வந்தார். அந்தக் குடும்பத்தில் சாகாமல் மிச்சமிருந்தது ஜெயந்தினி மட்டும்தான்.

"என்னாங்கய்யா அநியாயமா இருக்கு? அவளச் சாகடிச்சிட்டு அவளையே கூட்டிக்கிட்டுப் போறதா?" என்றார். "இன்னொரு காரணத்த அதுல போட்டுத் தாங்க."

போட்டால் எளிமை கெட்டுவிடும் என்று விளக்கினேன்.

"அப்ப உங்களையே எந் தம்பின்னு சேத்துக்கிறேன், கிஷாந்த் ஐயா. நீங்க செத்துப் போங்க."

நான் செத்தால் கம்பியூட்டருக்குள் போக முடியாது, தோட்டமே நின்றுவிடும் என்றேன். "நல்லா வருவீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அழுதுகொண்டே படியிறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை, சேர். அவருக்குச் சொல்லாமல் நானே ஜெயந்தினியின் பெயரைத் தட்டினேன். லீவு கிடைத்துவிட்டது என்று ஆள் அனுப்பினேன். பூரணி சந்தோசமாகப் போய் வந்தார். பிள்ளை தெரிவாகிவிட்டாள். எனக்கு ஒரு பார்சல் உளுந்துவடை வந்தது.

அப்புறம் கல்லூரி, இந்தப் பிள்ளை உங்கள் தோட்டத்தில்தான் வசிக்கிறாளா என்று உறுதிப்படுத்தக் கேட்டது. ஒரு நிமிடத்தில் பதில் போய்விட்டது. மேற்படி நபர் காலமானார், ஆழ்ந்த அனுதாபங்கள். பிள்ளையின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கப் போவதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பூரணி மகளையும் அழைத்துக்கொண்டு, அவளுக்கென்று ஐந்தடி ஓர் அங்குலத்துக்கு அடித்த பெட்டியையும் ஆள் வைத்துத் தூக்கிவந்து ஒபிஸ் வாசலில் வைத்தார். "பதினெட்டு வருசமா கூடை தூக்கிப் படிக்க வச்ச புள்ள ஐயா. ஒரே தட்டுல சாகடிச்சிட்டீங்களே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரே தட்டுக்காக நான் மூன்று மாதம் பாடுபட்டிருக்கிறேன் என்பதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

செத்தவரைத் திரும்ப எழுப்ப ஒரு பொத்தான் வைத்தால் என்ன என்று நேற்றுக் கேட்டீர்கள். வைக்கலாம், நாற்பது வினாடி வேலை. வேறு காரணம் என்று இன்னொரு வரி சேர்க்க அதைவிடக் குறைவு. ஆனால் பொத்தான் இரண்டாகிவிடும், சேர். சான்றிதழில் ஒன்று என்றுதான் இருக்கிறது.

அப்படியானால் வெள்ளிக்கிழமைக்குள் நீயே அந்தப் பிள்ளையோடு கல்லூரிக்குப் போய், இவள் உயிரோடு இருக்கிறாள் என்று நேரில் சொல்லிவிட்டு வா என்றீர்கள். நியாயமான பேச்சு. கட்டாயம் போகிறேன். பிள்ளையின் இடம் பறிபோக விடமாட்டேன்.

அதற்கு எனக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. லீவு போடாமல் நான் ஒரு நாளும் வேலையை விட்டுப் போனதில்லை. என் குடும்பப் பட்டியலில் பூண்டுலோயாவில் இருக்கும் அம்மா மட்டும்தான். பெற்ற தாயை எப்படி, சேர்? அவருக்குச் சீனி வருத்தம், தினம் ஊசி வேறு. இல்லாத ஆளைச் சேர்ப்பது பொய், அதை நான் செய்ய மாட்டேன். ஆகவே இன்று காலை தாய்மாமன் என்று ஒரு வரி சேர்த்து, உங்கள் பெயரைப் போட்டுத் தட்டினேன். லீவு உடனே கிடைத்துவிட்டது.

உங்கள் உயரம்தான் சரியாகத் தெரியவில்லை. ஐந்தடி ஏழு என்று கண் மதிப்பில் போட்டிருக்கிறேன். மூக்கன் பாஸ் டேப்போடு வெளியே நிற்கிறார். கொஞ்சம் எழுந்து நிற்கிறீர்களா, சேர்?