நகர்ந்து போன தேர்

தேர் பார்த்துவிட்டு ஐயம்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் புருஷன், பொண்டாட்டி. நடுவில் காலெல்லாம் புழுதியாக ஆறு வயசுப் பெண். கூட்டத்தில் தொலைந்து அப்போதுதான் கிடைத்திருந்தாள்.

“தேரைப் போய் எவனாவது அடையாளமா சொல்லுவானா?” என்றாள் அந்த அம்மா.

“கை விட்டுப் போச்சுன்னா தேர்கிட்டயே நில்லு, நகராதன்னு சொன்னேன். அங்க பெரிசா தெரியறது அதானே.”

“பெரிசுதான்யா. சக்கரம் இருக்குதே, அது தெரியலையா? புள்ள ரெண்டு வீதி அதும் பின்னாடியே நடந்திருக்குது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற ஆளு பாத்துத் தூக்கினு வரலன்னா இன்னா ஆயிருக்கும்?”

“நான் தேரடியிலயே தேடிக்கினு இருந்தேன்மா.”

“தேரே கிளம்பிப்போன எடத்துல இன்னாத்தத் தேடின?”

அவர் கோபத்தைக் குழந்தை மேல் திருப்பினார். “நின்ன எடத்துல நிக்க மாட்டியா நீ?”

“நீதானப்பா தேரை விட்டு நகராதன்னு சொன்ன. நான் நகரல. தேர்தான் போச்சு.”

ஐயம்பேட்டையில் இறங்கும்போது அவர் குழந்தையைப் பிடிக்கக் கை நீட்டினார். அந்த அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அடுத்த வாட்டி கோபுரத்துகிட்ட நில்லுடி,” என்றாள் மகளிடம். “அது எங்கயும் போவாது.”