களைப்பு என்று எழுதாதீர்கள்

மலையில் துணி காய்வதுதான் பெரும்பாடு, இன்ஸ்பெக்டர் ஐயா. காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் ஒரு படுக்கை விரிப்பு உலர நாள்கணக்காகும். ஆனாலும் என் வார்டில் யாரும் ஈர விரிப்பில் படுத்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், டீமேக்கரிடம் மல்லுக்கு நின்று, அந்தச் சூட்டில் உலர்த்தி எடுத்து வருவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் அசட்டையானவள் என்று யாரும் உங்களிடம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் மனோரஞ்சிதம். அப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் புடவைக் கடை. கடைக்காரர் வீட்டுப் பெண் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆட்களின் புண்ணைக் கழுவப் போவதா என்று அவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் நர்ஸ் வேலைக்குப் போனேன். கொட்டகலைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது மருந்து கொடுக்க நாகலிங்கம் ஐயா இருந்தார். கட்டுப் போட, பிரசவம் பார்க்க நான். இருவருக்கே வேலை சரியாக இருந்தது. பிறகு அவரை உடப்புசல்லாவைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். தோட்டத்தில் நர்சை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். “புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கங்க மிஸ்ஸி” என்று மருந்து அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். புது ஆள் வரவேயில்லை.

தோட்டத்து மானேஜர் பெரிய துரையிடம் போய்க் கேட்டேன். பங்களா வாசலில் நாயைத் தடவிக்கொண்டே, “மிஸ்ஸி ரொம்ப நல்லா சமாளிக்கிறது. வேற ஆள் என்னத்துக்கு?” என்றார். வெள்ளைக்காரர் தமிழில் அது பாராட்டு. நானும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அப்புறம்தான் இந்த ஐம்பத்தேழாம் வருஷக் காய்ச்சல் வந்தது. லயம் லயமாகப் படுத்தார்கள். வார்டில் கட்டில் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் பாய், பாய்க்கும் பாய்க்கும் நடுவில் இன்னொரு பாய் என்றாயிற்று. கொழுந்தெடுக்க ஆளில்லை என்று மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா வாசலில் நின்று கத்திவிட்டுப் போவார். சீக்கிரம் குணப்படுத்தி அனுப்ப வேண்டுமாம்.

முதலில் ஒவ்வொரு சாவுக்கும் அழுதேன். கஞ்சிப் பானை கழுவும் இடத்தில், யாருக்கும் தெரியாமல். பிறகு ஒரு நாள் மீனம்மாவின் குழந்தை என் மடியிலேயே போயிற்று. அவள் தலையில் அடித்துக்கொண்டு கதற, நான் நினைத்தது இதுதான்: ஓர் இடம் காலியாகிவிட்டது, வாசலில் நனைந்துகொண்டிருக்கும் கிழவரை உள்ளே எடுக்கலாம். எடுத்தேன். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று நீங்கள் அனுப்பி என்னைப் பரிசோதித்த டாக்டர் சொல்கிறார். கிழவர் பிழைத்துக்கொண்டார். வேண்டுமானால் அவரை வெட்கப்படச் சொல்லுங்கள்.

வீரம்மா மேல் மலை லயத்துக்காரி. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிய பிறகுதான் தூக்கி வந்தார்கள். அவளுக்கு மருந்தும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். “மிஸ்ஸி, இங்கன செத்த உக்காருங்களேன். பயமா இருக்கு.” நான் எந்தக் கோடிக்குப் போனாலும் அந்தக் குரல் பின்னால் வரும். கிட்டே போனால் சேலையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாள். அலமாரியில் தூக்க மருந்து இருந்தது. நாகலிங்கம் ஐயா கொடுக்கும் அளவுதான் கொடுத்தேன். தூங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பிறகு சோற்றைச் சூடு ஆறுமுன் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தேன். பிறகு அழுகிற பிள்ளைகளுக்கு. போதாதவர்களுக்கு அளவைக் கூட்டினேன். மத்தியானமானால் தகரக் கூரையில் மழை விழுவது மட்டும் கேட்கும். பார்க்க வந்தவர்கள், “மிஸ்ஸி கை பட்டா புள்ளைங்க சிணுங்குறதே இல்ல” என்று என்னைக் கும்பிட்டார்கள். சிலர் விழிக்கவில்லை. காய்ச்சலில் போனவர்களோடு சேர்த்து அவர்களையும் புதைத்தார்கள். எத்தனை பேர் என்கிறீர்கள். காய்ச்சல் கொண்டுபோனது யாரை, நான் அனுப்பியது யாரை என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பேன். ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை.

வீரம்மா தேறிவிட்டாள். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக அன்று சாயங்காலம் வருவதாகப் புருஷன் முத்துலிங்கம் சொல்லியிருந்தான். மத்தியானம் அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, என் கையிலிருந்த கஞ்சி வாளியை வாங்கினாள்.

“ஒங்க மொகத்தப் பாக்க மனசு கேக்கல மிஸ்ஸி. ரொம்பக் களைச்சுட்டீங்க. போய்ச் செத்த படுங்க, இவங்கள நா பாத்துக்கிறேன்.”

“எனக்கென்ன களைப்பு? நீ போய்ப் படு.”

“நின்னுக்கிட்டே தூங்குறீங்களே. கை எப்படி நடுங்குது பாருங்க.” என் கையைப் பிடித்துத் தூக்கி, பாயில் கிடந்தவர்களுக்கும் காட்டினாள். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எழுந்து உட்கார முடியாதவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், ஐயா.

களைப்பில் கை தவறிவிட்டது என்று சொன்னால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக எனக்காகக் கோர்ட்டில் பேசப்போகிற புரொக்டர் சொல்கிறார். தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். என்னை வைத்துத் துரையை ஒரு கை பார்க்கலாமாம். பார்க்கட்டும், துரைக்கு அது வேண்டியதுதான். ஆனால் கை தவறியது என்று எழுத நான் விட மாட்டேன். என் கை தவறாது.

வீரம்மாவிடமிருந்து வாளியை வாங்கி வைத்துவிட்டு அவளைப் படுக்க வைத்தேன். தூக்க மருந்துப் போத்தலில் இருந்தது அத்தனையையும் கிளாசில் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மேசையெல்லாம் மருந்து சிந்திக் கிடந்ததாகச் சொல்கிறார்களே, அது மழைச் சாரலாக இருக்கும்.

“என்னங்க மிஸ்ஸி, இன்னைக்கு நெறைய இருக்கு?”

“வீட்டுக்குப் போறல்ல. தெம்பு வேணும்.”

கசப்புக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். அவள் கட்டிலில் நானும் உட்கார்ந்தேன். மற்றவர்கள் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை. மூச்சு இழுத்து இழுத்து அடங்கும் வரை அவள் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தேன். முத்துலிங்கம் வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். காலிப் போத்தலைப் பார்த்துவிட்டு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டான். நான்தான் கொன்றேன் என்று சொன்னேன்.

என் நேரத்தை அத்தனை தூரம் அந்த ஆஸ்பத்திரியில் வேறு எவருக்கும் நான் கொடுத்ததில்லை. ஒருத்திக்கு மட்டும் சலுகை காட்டினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குற்றத்தை நான் மறுக்க மாட்டேன்.